பின்னால் இரண்டு எண் குறைந்த மாப்பிள்ளை

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

மதிப்பும் மரியாதையும் நிறைந்த ஞானசேகரன் மச்சான் அவர்களுக்கு, கொளஞ்சியப்பன் வணக்கம். இங்கு அனைவரும் நலம். உங்கள் தங்கை தமிழ்ச்செல்விக்கு மட்டும் என்மேல் கோபம். காசிக்குப் போனதிலிருந்து நீங்கள் போனை எடுக்காததால், சிதம்பரம் திரும்பியதும் படிப்பீர்கள் என்று இதை எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லிவிட்ட அந்தக் கணக்கு வாத்தியார் இளவரசு, சிதம்பரத்திலிருந்து வந்து நம் எழிலரசியைப் பார்த்தார். இருவரும் மொட்டை மாடியில் பேசிவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். அவர் போனதும் நம் பெண் பிரிட்ஜ் கதவில் 73939133 என்று மார்க்கரால் பெரிதாக எழுதி வைத்தாள். என்னம்மா என்றால், "அவரு குடுத்தாருப்பா" என்று வெட்கப்பட்டாள். போன் நம்பர்தான், அவசரத்தில் கடைசி இரண்டு எண்ணை விட்டுவிட்டார் என்று நினைத்தேன். நிச்சயத்துக்கு நானே அழைத்து எல்லாரையும் அசத்தலாமென்று, யாரிடமும் சொல்லாமல், பின்னால் இரண்டிரண்டு எண்ணாகப் போட்டுப் பார்த்தேன். முதலில் எடுத்தவர் திட்டினார். அடுத்து ஒரு பெரியவர், அவ்வளவு பணிவு. பெண் வீட்டிலிருந்து பேசுகிறேன், சனிக்கிழமை நிச்சயம், நாற்பது பேர் வைத்துக்கொள்ளலாமா என்றேன். "நாப்பது பேரு தானேங்க, மனசு நெறைய செஞ்சிடலாம். அட்ரஸ் சொல்லுங்க" என்றார். சம்பந்தி என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும் என்று பூரித்துப்போனேன்.

சனிக்கிழமை வந்தது. புரட்டாசி. தமிழ்ச்செல்வி திருவந்திபுரம் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்து தளிகை போட்டு முடித்த நேரத்தில், வாசலில் லால்பேட்டையிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. இரண்டு பெரிய டேக்சா நிறைய மட்டன் பிரியாணி. தெருவே மணந்தது. பேசியவர் சம்பந்தி இல்லை, சமையல்கார பாய். உங்கள் தங்கை பூஜையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, "சகுனமே சரியில்ல, இந்த எடம் வேணாம்" என்று சொல்லிவிட்டாள். எழிலரசி கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் போனை எடுத்து இளவரசைக் கூப்பிட்டு, நடந்ததைச் சொல்லி எல்லாரையும் வரச் சொன்னாள். அவர் நம்பர் முதலிலிருந்தே அவளிடம் இருந்திருக்கிறது மச்சான், நான்தான் கேட்கவில்லை.

மதியத்துக்குள் மாப்பிள்ளை வீட்டு உறவெல்லாம் வேன் பிடித்து வந்துவிட்டது. தங்கள் வீட்டில் புரட்டாசி விரதமெல்லாம் கிடையாது என்று சொல்லி மாப்பிள்ளையின் அப்பா பாயையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். மாப்பிள்ளை மட்டும் டேக்சா பக்கம் திரும்பாமல், உங்கள் தங்கையின் புளியோதரையைக் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பூஜையறைக் கதவு தானாகத் திறந்தது.

அந்த எண் என்னதான் தம்பி என்றேன். அது பகா எண்ணாம். ஒன்றாலும் தன்னாலும் தவிர எதாலும் மீதியில்லாமல் வகுபடாது. கடைசி எண்ணை அழித்தால் மிச்சமும் பகா எண். இப்படியே அழித்து அழித்து வெறும் ஏழில் வந்து நின்றாலும் அதுவும் பகா எண். இந்த ஜாதியில் இதைவிடப் பெரியது கிடையாதாம்.

"பின்னாடி இன்னொரு நம்பரு எதைச் சேத்தாலும் கெட்டுடும் மாமா."

"அதைத்தான் தம்பி நான் செஞ்சேன்" என்றேன்.

அன்றைக்கே தட்டு மாற்றிவிட்டோம். தை மாதம் கல்யாணம். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. விசுவநாதர் உங்களைப் பத்திரமாக ஊர் சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
கொளஞ்சியப்பன்

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்கக் கிளம்பினால், கங்கைச் சொம்போடு நீங்களே வாசலில் இறங்குகிறீர்கள். எழுதியதை வீணாக்க மனமில்லை, கையிலேயே கொடுக்கிறேன். படித்துவிட்டு எதுவும் தெரியாதவர் போல உங்கள் தங்கையிடமும் ஒருமுறை முழுக்கதையும் கேளுங்கள். அவள் சொன்னால் இதைவிட நன்றாக இருக்கும்.