கூம்பின் அடித்துண்டு

அது தொண்ணூற்றைந்தா தொண்ணூற்றாறா என்பதில் எனக்கு இப்போதும் ஐயம்தான். கனகராயன்குளத்துக்கு அப்பால் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் என்பது மட்டும் நிச்சயம்.

அமராவதி ரீச்சர் குசினியில் நின்று, நொறுங்கிக் கிடந்த பிட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூம்பு உடைஞ்சு போச்சோ?" என்றார் கணவர் பரமேஸ்வரன். கோப்பையோடு ஏற்கெனவே கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"உங்களுக்கென்ன, கொண்டாட்டம். சாப்பிடுங்கோ."

மறுநாள் காலை முதல் பாடத்தைப் பார்க்கக் கல்வி அதிகாரி வருகிறார். பாடத்தையும் அவரே சொல்லியனுப்பியிருந்தார்: கூம்பின் அடித்துண்டு, அதாவது நுனியை வெட்டிய கூம்பு. உபகரணத்தோடு கற்பிக்க வேண்டும். அவர் திருப்திப்பட்டால்தான் வருடக்கணக்காகத் தொண்டர் ஆசிரியையாக இருந்தவளுக்கு நிரந்தர நியமனம்.

பொருளாதாரத் தடையால் வன்னிக்குள் காகித மட்டை வருவதில்லை. கொப்பித் தாளே அருமை. ஆனால் பனையோலையில் இழைத்த நீத்துப்பெட்டி எல்லா வீட்டிலும் உண்டு. அதில் அவித்துக் கவிழ்த்தால் பிட்டு கூம்பாகத்தான் விழும். வெட்டும்போதுதான் உதிர்ந்து தொலைக்கிறது.

"தேங்காய்ப்பூவாலதான் உதிருது," என்று தேங்காய்த் துருவலை விட்டுவிட்டு மறுபடி அவித்தாள். கூம்பு நின்றது. கத்தி பட்டதும் பிளந்தது.

"இது தொண்டைக்குள்ள நிக்குதப்பா."

"ஆர் உங்களிட்ட ருசி கேட்டது?"

அடுத்ததற்குச் சுடுதண்ணீரைக் கூட்டி இறுக்கிப் பிசைந்தாள். உப்பு ஈரத்தை இழுக்கும் என்று அதையும் போடவில்லை. அவித்து வெயிலில் வைத்தாள். பின்னேரம் சுண்டிப் பார்த்தால் சத்தம் கேட்டது. பரமேஸ்வரன் ஓரத்தைக் கடித்துப் பார்த்தார். பிறகு கடைவாயைத் தடவினார்.

"அமரா, எனக்கு வெறுந்தேத்தண்ணியே போதும்."

அமராவதிக்கு நிம்மதியாக இருந்தது. இதுவல்லவோ கூம்பு!

காலையில் அதிகாரி தன் உதவியாளர் வீரகத்தியோடு சைக்கிளில் வந்து, பின்வரிசை வாங்கில் அமர்ந்தார். அமராவதி கூம்பை நிறுத்தி, இரவல் வாங்கிய மரம் அறுக்கும் வாளால் நுனியை அறுத்தாள். ஒரு துகள் சிந்தவில்லை.

"பெரிய கூம்பின்ர கனவளவில இருந்து இந்தச் சின்னனைக் கழிச்சால் மிச்சம் என்ன?"

"அடித்துண்டு, ரீச்சர்!" வகுப்பே கத்தியது.

அதிகாரி எழுந்து வந்தார். அடித்துண்டைக் கையில் எடுத்தார். முகர்ந்து பார்த்தார். பெருவிரலால் அழுத்தினார். அது அசையவில்லை. அவருடைய முகம் வாடிப்போயிற்று.

"பாடம் நல்லம். உபகரணம்தான் சரியில்லை. அடுத்த வெள்ளி திரும்ப வாறன், பாப்பம்."

அமராவதிக்குக் கண் கலங்கிவிட்டது. சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் போன வீரகத்தியை வாசலில் மறித்தாள்.

"அண்ணை, இதைவிட நேரா ஆரால வெட்டேலும்? என்ன பிழையெண்டு சொல்லுங்கோவன்."

அதிகாரி ஒழுங்கைக்குள் திரும்பி மறையும்வரை வீரகத்தி பொறுத்திருந்தார்.

"பிள்ளை, சேரின்ர குடும்பம் வவுனியாவில, இஞ்ச அவருக்குச் சமைச்சுக் குடுக்க ஆளில்லை. அதுதான் போற பள்ளிக்கூடமெல்லாம் காலமை முதல் பாடத்துக்கு இதையே கேக்கிறவர். வெள்ளிக்கிழமை தேங்காய்ப்பூவை அள்ளிப் போடுங்கோ, ஒரு சம்பலும் இடிச்சுக்கொண்டு வாங்கோ."