பேசாமலிருக்கக் காசு

ஜமுனாமரத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் அன்பரசிக்கு,

அப்பா கோபால்சாமி ஆசிகளுடன் எழுதிக்கொண்டது. இங்கே மலைக்குளிரைத் தவிர வேறு தொந்தரவு இல்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருக்க முருகன் அருள் செய்யட்டும். போனில் சொன்னால் சிரித்துவிட்டு வைத்துவிடுவாய் என்பதால் தாளில் எழுதுகிறேன். ஊரில் யாராவது உன் காதில் போடுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: நம் வீட்டில் பெண் யாரும் இல்லை.

போன தீபாவளிக்கு வந்தபோது என் போனில் ஒரு பாட்டு ஆப் போட்டுக் கொடுத்தாயே, அதில் இரண்டு பாட்டு பாடுவதற்குள் தைல விளம்பரம் என்று ஒரு பெண் வந்து பேசுகிறாள். மாதாமாதம் பணம் கட்டினால் அவள் வரமாட்டாள் என்றாய். பேசுவதற்குக் காசு கேட்டால் நியாயம், பேசாமலிருக்க எதற்கம்மா காசு? திருப்பத்தூர் பஸ் ஓட்டிய காலத்தில் வாயை மூடிக்கொண்டிரு என்று கண்டக்டருக்கு நான் காசு கொடுத்திருக்கிறேனா? அதனால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். "வணக்கம்! நல்லா இருக்கீங்களா? முட்டி வலியா?" என்று கேட்பாள். என் முட்டியைப் பற்றி இங்கே வேறு யார் விசாரிக்கிறார்கள்? நானும் மரியாதைக்கு, "பரவால்லம்மா, குளிருக்குத்தான் கொஞ்சம் இழுக்குது" என்று பதில் சொல்லிப் பழகிவிட்டேன். பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தவள், இரண்டு குரலையும் கேட்டுவிட்டாள். சாயங்காலமே புருஷன் சந்திரனையும் தெருப் பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"இன்னாண்ணா, வூட்டுக்கு யாரோ வந்துகிறாங்க, ஒரு வார்த்த சொல்லல?"

"யாரும் வர்லம்மா, போன்தான் பேசுது."

நம்பவில்லை. அவள் அடுப்படியை எட்டிப் பார்க்க, சந்திரன் கட்டிலுக்கடியில் குனிந்து பார்க்க, அந்த நேரம் பார்த்து, "தயங்காதீங்க, உடனே கூப்பிடுங்க!" என்று போன் கத்தியது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீ போட்டேன். டம்ளர் பத்தாம சொம்புலகூட ஊத்திக் குடுத்தேன். உங்கம்மா போனப்புறம் நம்ம வூட்ல அவ்ளோ பேர் ஒண்ணா உக்காந்தது அன்னிக்குத்தாம்மா. அவங்க போய்ட்டாங்க, டம்ளருங்கள கழுவிவைக்க மனசே வர்ல, விடியற வரைக்கும் அப்பிடியே கெடந்துது.

ஆகையால் நீ எத்தனை முறை சொன்னாலும் ஒரு பைசா கட்டமாட்டேன். மாப்பிள்ளையிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிடு. பேத்திக்கு என் முத்தம். எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் அப்பா
கோபால்சாமி

பி.கு.: இதைத் தபாலில் போடப் போகும்போது டீக்கடையில் நாலு பேர், "சம்சாரம் சௌக்கியமா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். ரோஷம் வந்து, தபாலில் போடாமலே திரும்பி, சந்திரனிடம் போனைக் கொடுத்துப் பணம் கட்டிவிட்டேன். இப்போது பாட்டு மூச்சுவிடாமல் ஓடுகிறது. நடுவில் யாரும் எதுவும் கேட்பதில்லை. "இன்னாண்ணா, அந்தம்மா போய்ட்டாங்களா?" என்றாள் பாஞ்சாலை. "அவங்கம்மா வூட்டுக்குப் போய்கிறாங்க" என்றேன். கட்டிய பணம் திரும்ப வராதாம். மறுபடி கட்டாமல் விட்டால், மாதம் முடிந்ததும் தானாகவே வந்துவிடுவாளாம். காத்திருக்கிறேன்.