யார் முதலில் சாவது?

“என் புருஷன்தான் முதல்ல சாகணுமா? ஏண்டா, உனக்கு வேற ஆளே கிடைக்கலையா?”

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். டைரக்டருக்கு வியர்த்துவிட்டது.

கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறவர் அவர். முகமூடிக் கொலைகாரன் ஒரு வீட்டுக்குள் புகுந்து ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டுகிற படம் ஒன்று எடுத்துவிட வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. நடிகர்களுக்கு எங்கே போவது? சொந்தக்காரர்களையே கூப்பிட்டுவிட்டார். மனைவி வேலைக்குக் கிளம்பியதும் கூடத்து ஜன்னல்களில் போர்வை கட்டிப் பகலை இரவாக்கினார். வாளி நிறையச் சிவப்புச் சாயம் கரைத்தார்.

“அக்கா, இந்த மாதிரிப் படத்துல, சத்தம் கேட்டதும் ‘நான் போய்ப் பார்த்துட்டு வர்றேன்’னு தனியாப் போறவன்தான் முதல்ல சாவான். அதான் வழக்கம்.”

“அப்போ என் வீட்டுக்காரர் மடையனா?”

அத்தான் வாயைத் திறக்கவில்லை. அக்கா இருக்கும் இடத்தில் திறந்து பழக்கமில்லை.

சரி, பெரியப்பாவை முதலில் போடலாம் என்றார் டைரக்டர்.

பெரியப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “கிழவன்தானே, எப்படியும் போறவன்னு முடிவு கட்டிட்டியா?”

“ஐயோ பெரியப்பா! அப்போ எல்லாரும் ஒண்ணா செத்துடுங்க.”

“செத்தா தனியாத்தான் சாவேன். இவ புருஷன் மேல விழுந்து சாகறதுக்கா நான் சலவைச் சட்டை போட்டுட்டு வந்தேன்?”

அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. டைரக்டர் பதறிப்போய், “யாருமே சாக வேண்டாம்!” என்றார்.

முகமூடிக்குள்ளிருந்து அவர் மனைவியின் தம்பி முனகினான். “அப்போ நான் எதுக்கு மாமா? இந்த அட்டைக் கத்தியால காய்கூட நறுக்க முடியாதே!”

டைரக்டர் தலையைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பாவமாக இருந்தது. கடைசிவரை உயிரோடிருந்து தப்பிக்க வேண்டிய கதாநாயகியான தங்கைதான் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

“அண்ணா, செத்தவங்க எல்லாம் வீட்டுக்குப் போகலாம்னு சொல்லிப் பாரேன்.”

சொன்னார்.

“மச்சான், நான் ரெடி!” என்றார் அத்தான். அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை.

“வயசுக்கு மரியாதை குடு! என்னை முதல்ல வெட்டு!” என்று பெரியப்பா அவரைத் தள்ளிக்கொண்டு கழுத்தை நீட்டினார்.

“பிள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டு வந்துடும்டா, என்னை முடிச்சு அனுப்பு!” என்றாள் அக்கா.

கொலைகாரனுக்குக் கை ஓய்ந்துபோனது. சாயம் சுவரெல்லாம் தெறித்தது. அலறல் என்றால் அப்படியொரு அலறல். கேமரா அத்தனையையும் விழுங்கிக்கொண்டிருந்தது. நடுவில், சாகவே கூடாத தங்கையும் பாய்ந்து வந்து கத்தியை வயிற்றில் வாங்கிக்கொண்டாள். “அக்கா ஸ்கூட்டர்ல இடம் இருக்குண்ணா!”

வெட்ட ஆளில்லாத கொலைகாரன் தன்னையே குத்திக்கொண்டு விழுந்தான். கொஞ்ச நேரம் துடித்தான். பிறகு எழுந்து முகமூடியைக் கழற்றிவைத்துவிட்டு, “வர்றேன் மாமா” என்று போய்விட்டான்.

எடுத்ததைப் போட்டுப் பார்த்த டைரக்டருக்குக் கண் கலங்கியது. நினைத்ததைவிடப் பயங்கரமாக வந்திருந்தது.

அப்போது கதவு திறந்தது. வேலையிலிருந்து திரும்பிய மனைவி தரையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், சோபாவைப் பார்த்தாள். கத்தவில்லை.

“படம் நல்லா வந்துச்சா?”

“பிரமாதம்! ஒருத்தர் விடாம செத்துட்டாங்க!”

அவள் உள்ளே போய், ஒரு வாளித் தண்ணீரும் துடைக்கிற துணியும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

“அப்போ உயிரோட மிச்சம் இருக்கறது நீங்க மட்டும்தான், இல்ல?”