மனனப் போட்டியில் நான் வாய் மூடிய காரணம்

பலேர்மோ,
செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்புக்குரிய மனனப் போட்டிச் செயலாளரும், என் தங்கையைக் கைப்பிடித்த காரணத்தால் எனக்கு மச்சானுமாகிய அருளையா அவர்களுக்கு,

நான் நலம். தாங்களும் தங்கை தர்சனாவும் நலமாக இருப்பதை, போன ஞாயிறு பகேரியா மண்டபத்து மேடையில் நான் தலைகுனிந்து நின்றபோது நீங்கள் இருவரும் முன்வரிசையிலிருந்து சிரித்த சிரிப்பிலேயே அறிந்துகொண்டேன். ஆகையால் தனியாக விசாரிக்கவில்லை. இந்தக் கடிதத்தை மச்சானாக வாசிக்காமல் செயலாளராக வாசிக்கவும்.

மூன்று வருடம் தொடர்ந்து முதற்பரிசு வாங்கிய செல்வராசா, பதிகத்தின் முதலடியைச் சொல்லிவிட்டு வாயை மூடியது ஏன் என்று பலேர்மோத் தமிழர் எல்லாரும் கதைப்பதாகக் கேள்வி. காரணம் கொள்கை. அதை எழுத்தில் தருகிறேன்.

நான் ஏழு வருடமாக வேலை செய்வது, கபோச் சந்தைக்கு மேலே மூன்றாம் மாடியில் குடியிருக்கும் சிஞ்ஞோர் எலியாவின் வீட்டில். (இந்தப் பெயரை முதன்முதல் சொன்னபோது என் மனைவி பரமேஸ்வரி, "எலியா? பொறி வைக்கேல்லையோ?" என்று கேட்டவள்.) அவர் யூதர், பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிப்பவர், வயது நாற்பத்திரண்டு. காலையில் வெள்ளைச் சால்வையைப் போர்த்துக்கொண்டு புத்தகத்தைப் பார்த்துச் செபம் சொல்வார். போன புதன்கிழமை நான் ஒரு கதிரையைத் துடைத்துவிட்டு, ஈரம் காய்ந்ததா என்று பார்ப்பதற்காக அதில் இருந்தேன். அதில் எனக்கு முன்பே அவருடைய மூக்குக்கண்ணாடி இருந்திருக்கிறது. கண்ணாடி இரண்டானது. ஒட்டுவதற்குப் பசை எடுக்க ஓடியதில் வாளியைத் தட்டிவிட்டேன், வாளித் தண்ணீர் பல்கனி வழியாகக் கீழே மீன் விற்கிறவரின் தலையில் இறங்கியது, அவர் மேலே பார்த்துச் சொன்ன வார்த்தைகள் எந்த மதத்தின் செபத்திலும் கிடையாது.

சிஞ்ஞோர் கோபிக்கவில்லை. திறந்த புத்தகத்தோடு அப்படியே நின்றார். எனக்கு மனம் கேட்கவில்லை. "ஏழு வருசமாய்ச் சொல்லுறீங்கள், கேட்டுக் கேட்டு எனக்கே பாடம். பார்க்காமல் சொல்லுங்கோ, நான் அடியெடுத்துத் தாறன்" என்று எனக்குத் தெரிந்த இத்தாலியத்தில் சொன்னேன்.

"இல்லை செல்வா. எழுத்தில் தரப்பட்ட வேத வசனத்தைப் பாடமாக ஓதக்கூடாது என்பது எங்களுடைய பழைய சட்டம். பார்க்காமல் சொன்னால் நாக்கு தன்பாட்டில் ஒரு சொல்லை மாற்றிவிடும். நமக்குத் தெரியவே வராது" என்றார்.

"எல்லா வசனத்துக்குமோ?"

"தினமும் சொல்லி எல்லார் வாயிலும் ஊறிப்போனவற்றுக்கு விலக்கு உண்டு. கண் தெரியாதவருக்கும் உண்டு."

"கண்ணாடி இல்லாவிட்டால் நீங்களும் கண் தெரியாதவர்தானே?"

"நீங்கள் எதன்மேல் இருந்தீர்கள் என்று பார்க்குமளவுக்குத் தெரிகிறது" என்றார்.

வாயில் ஊறியவற்றை மட்டும் பாடமாகச் சொன்னார். மீதிக்குப் பின்னேரம் புதுக் கண்ணாடி வரும்வரை காத்திருந்தார். அந்த ஒழுக்கம் என் நெஞ்சில் பதிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பலேர்மோவின் பெரிய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் ரயில் ஏறும்போது என் வேட்டித் தலைப்பு கதவில் அகப்பட்டது. பகேரியாவில் மற்றப் பக்கக் கதவு திறந்தபடியால் என்னால் இறங்க முடியவில்லை. வேட்டியை விட்டுவிட்டு இறங்கலாம் என்று பரமேஸ்வரி சொன்ன யோசனையை நான் ஏற்கவில்லை. அடுத்த நிலையம்வரை போய்த் திரும்பி வந்து, மூச்சு வாங்க மேடையேறி, முதலடியைச் சொன்னேன். அந்தக் கணத்தில் சிஞ்ஞோர் எலியாவின் சட்டம் நினைவுக்கு வந்தது. நிறுத்தினேன். நடுவர் புனிதமலர் ரீச்சருக்குச் சட்டத்தையும் அதன் விலக்குகளையும் விளக்கினேன்.

"அண்ணை, இது மனனப் போட்டி" என்றார் அவர்.

"அதுதான் பிழையெண்டுறன்."

"அப்ப புத்தகத்தைப் பார்த்துச் சொல்லுங்கோ."

"புத்தகம் வீட்டிலை."

"எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டெண்டால் பார்க்காமல் சொல்லலாமெண்டு இப்ப நீங்கள்தானே சொன்னனீங்கள்? இது எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டு."

"அது சலுகை ரீச்சர். நான் சலுகை எடுக்கிறேல்லை."

மணி அடித்தார்கள். எனக்குப் பின் மேடையேறிய மொரீசியஸ்காரர் அலெக்சாந்த்ர், தமிழே தெரியாதவர், பிரெஞ்சு எழுத்தில் எழுதிப் பாடமாக்கிய பதினொரு பாட்டையும் ஒரு பிழையுமில்லாமல் சொல்லி, முதற்பரிசான றைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு போனார். பொருள் கேட்டால் சிரிக்கிறார்.

ஒளிக்காமல் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு நடந்ததை நேற்று வேலைக்குப் போய்ச் சொன்னபோது சிஞ்ஞோர் எலியா பதறிப்போய், "அது எங்கள் வேதத்துக்கான சட்டம், உங்கள் பாட்டுக்கு அல்ல. என்னை இதற்குள் இழுக்காதீர்கள்" என்றார். அவர் அடக்கமான மனிதர். அப்படித்தான் சொல்வார்.

ஆகவே என் மௌனத்தைக் கொள்கை மௌனம் என்று பதிந்து, முதற்பரிசைப் பகிர்ந்தளிக்குமாறு கோருகிறேன். றைஸ் குக்கரின் மூடியை மட்டும் தந்தாலும் ஏற்றுக்கொள்வேன்.

தங்களுக்கும் குழுவினருக்கும் நீண்ட ஆயுளும் நல்ல சமிபாடும், நடுவர்களுக்கு மட்டும் மேலதிகமாக நியாய புத்தியும் உண்டாக வேண்டும் என்று வாழ்த்தும்,

மச்சான்
செல்வராசா

பி.கு.: தம்பி அருளையா, இது பரமேஸ்வரி. தபாலில் போடச் சொல்லித் தந்தார், வாசித்துப் பார்த்தேன். சட்டம் உண்மை. அந்த மனிதர் சொன்னதும் உண்மை. ஆனால் அன்றைக்கு இவருக்கு இரண்டாமடி மறந்துபோய்விட்டது, அவ்வளவுதான். முன்வரிசையிலிருந்து நான் நாலு தரம் வாயசைத்துக் காட்டினேன். நான் கொட்டாவி விடுகிறேன் என்று நினைத்தாராம். திரும்பி வரும்போது, ஸ்தாசியோனேயில் இறங்கியதும் கையைப் பிடித்து, "பரமேஸ், எனக்கு மறதி வருத்தம் வந்திட்டுதோ?" என்று கேட்டார். "எங்கடை கலியாணத்திலை எந்த மாமா சாப்பிடாமல் போனவர் எண்டு இண்டைக்கும் சொல்லுறியள், உங்களுக்கு என்ன மறதி?" என்று சொன்னேன். அதற்குப் பிறகுதான் சோறு இறங்கியது. மூடி ஒன்றும் வேண்டாம். அடுத்த வருடம் விரும்பினவர்கள் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லலாம் என்று ஒரு விதி போடுங்கள், காரணம் கேட்டால் என் பெயரைச் சொல்ல வேண்டாம். இப்போது குசினியில் வெங்காயம் உரித்தபடி பதினொரு பாட்டையும் பிழையில்லாமல், நாலாம் தரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தச் சட்டத்தைச் சொல்லி நிறுத்தலாமா என்று யோசிக்கிறேன்.