புழுவுக்கு ஒதுக்கிய இரண்டு மணி நேரம்

பிறப்புச் சான்றிதழ் அலுவலகத்துக்கு மேலிடத்து ஆணை ஒன்று வந்தது. கணினிக்குக் கணினி தானாகத் தொற்றும் ‘புழு’ என்ற நாச நிரலைத் தடுப்பதால் ஆகும் செலவென்ன, கிடைக்கும் பயனென்ன என்று எடைபோட்டுச் சொல்ல வேண்டும். பயன் இல்லையென்றால் தடுப்பு வேலைக்கான பணியிடம் ரத்து.

அந்தப் பணியிடத்தில் இருந்தவர் கணினிக்காரம்மா. வீட்டில் வேலை போன கணவர், படிக்கிற இரண்டு பெண்கள். பாவம், பொய் சொல்ல வராது. நேர்மையாக அளந்துவிட்டார்.

“தடுப்புச் சோதனை முடிஞ்சு மிஷின் திறக்கவே ஒன்றரை மணி நேரம் சார். அப்புறம் ஆளுக்கு ஏழு பாஸ்வேர்டு. மறந்தவங்க எங்கிட்ட வந்து நிக்கறாங்க. தினம் மொத்தம் ரெண்டே கால் மணி நேரம் போகுது.”

“புழு வந்தா?” என்றார் மேலாளர்.

“பக்கத்து ஆபீஸ்ல வந்துச்சு. தினம் ரெண்டு மணி நேரம் எல்லா மிஷினும் நின்னுடுதாம்.”

மேலாளர் விரல்விட்டு எண்ணினார். “அப்போ புழுவால கால் மணி நேரம் லாபம். வரச் சொல்லுங்க.”

“சார்...”

“கணக்கு நீங்க போட்டதுதானேம்மா?”

தடுப்பு முறைப்படி நீக்கப்பட்டது. செவ்வாய்க்கிழமை புழு வந்து சேர்ந்தது. வருகைப் பதிவேட்டிலும் ஏற்றினார்கள். ஊழியர்களுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பதிவறை அம்மாள் ஒரே வாரத்தில் ஸ்வெட்டர் பின்னி முடித்தார்.

அடுத்து, பணியிட ரத்து ஆணை தட்டச்சாகிக்கொண்டிருந்தது. கணினிக்காரம்மா உள்ளே போனார். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“சார், வேறொரு புழு வந்து நம்ம புழுவை அழிச்சிட்டா? அது மூணு மணி நேரம் நிறுத்தற புழுவா இருந்தா?”

மேலாளர் எழுந்தே விட்டார். “நம்ம ஆபீஸ் புழுவையா?”

அன்றே தடுப்பு முழுவதும் திரும்ப வந்தது. அங்கீகரிக்கப்பட்ட புழுவுக்கு மட்டும் விலக்கு. கணினிக்காரம்மா இப்போது புழுப் பாதுகாப்பு அலுவலர். தடுப்பு நேரமும் புழு நேரமும் சாப்பாடும் டீயும் போக, கவுன்டர் திறந்திருப்பது நாற்பது நிமிடம்.

மூன்றாம் நாளாக வந்த ஒருவர், தோளில் குழந்தையோடு கத்தினார். “இதெல்லாம் ஒரு ஆபீஸா? சர்டிபிகேட் வாங்கறதுக்குள்ள இவனுக்குக் கல்யாணமே ஆயிடும் போல.”

வரிசை மொத்தமும் ஆமாம் போட்டது. கவுன்டர்காரர் பொறுமையாக, அந்த ரெண்டே கால் மணி நேரக் கணக்கில் தொடங்கி எல்லாவற்றையும் விளக்கினார். கத்தியவர் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

“நான் குடிநீர் ஆபீஸ்ல சூப்பரின்டெண்டு. எங்களுக்கும் ஒரு புழு கிடைக்குமா?”

“மனு கொடுங்க. பரிசீலிப்போம்.”

அவருக்குப் பின்னால் நின்றவர் மின்சார ஆபீஸ். “எனக்கும் ஒரு ஃபாரம்” என்றார்.

அவருக்கும் பின்னால் நின்றவன் நான். எங்கே வேலை பார்க்கிறேன் என்பது இங்கே வேண்டாம். மனு கொடுத்தாயிற்று.