முகப்புப் பலகை

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று பட்டறையில் ஸ்பீக்கர் சொன்னதும் தச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. குரலில் கனிவு மருந்துக்கும் இல்லை.

அது அவர் மனைவியின் குரல்தான். பேருந்து நிலையத்து அறிவிப்பைக் காலையில் கைபேசியில் பேசி அனுப்பிவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் வேலைக்குப் போயிருந்தாள். மாலையில் நிலைய மேலாளர் கேட்டுப் பார்க்க வருகிறார். பிடித்துவிட்டால் நிலையம் முழுக்க இவர் செய்யும் ஸ்பீக்கர் பெட்டிகள்தான். அதற்காகவே இந்த மாதிரிப் பெட்டியின் முகப்புக்கு நாள்பட்ட, வளையாத, அருமையான பலகை போட்டிருந்தார். அது எங்கிருந்து வந்தது என்று மட்டும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

மைக்கை வைத்து ஒலியை அளந்தார். கணினியில் கோடு நேராகப் போகாமல் மேடும் பள்ளமுமாக ஓடியது.

"விளிம்பு கூரா இருக்குல்ல, சத்தம் அதுல முட்டிச் சிதறுது. உருட்டி விட்டா எல்லாம் சரியாப் போயிடும்," என்றார் மகளிடம்.

"சரியாப் போனா நல்லதுதான்பா," என்றாள் மகள், பாடப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

அரத்தால் ராவி விளிம்பை உருட்டினார். மேடு இறங்கியது. குரலோ இன்னும் பளிச்சென்று கடிந்துகொண்டது.

கீச்சொலிக்கான சின்ன ஸ்பீக்கரைப் பலகையின் நடுவிலிருந்து ஒரு பக்கமாகத் தள்ளிப் பொருத்தினார். பள்ளமும் தூர்ந்தது. "உங்கள் உடைமைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும்" என்ற இடத்தில் பல்லைக் கடிப்பதுகூடக் கேட்டது.

வெறி வந்து பலகையின் பக்கங்களைச் சரிவாகச் சீவித் தள்ளினார். கோடு ஸ்கேல் வைத்துப் போட்டது போல் ஆனது. குரலைக் கேட்டு அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

மேலாளர் வந்தார். அறிவிப்பு முடியும்வரை தன் பையை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், பெட்டியில எங்கயோ கோளாறு. ரெண்டு நாள் டைம் குடுங்க," என்று தச்சர் கெஞ்சினார்.

"பெட்டியத் தொடாதீங்க! மூச்சு விடறதுகூடத் தெளிவாக் கேக்குது. அந்தம்மாதான் யார் மேலயோ கோவமா இருந்திருக்காங்க. வேற யாரையாவது பேச வச்சுக்கலாம். இதே பலகையில இன்னும் இருபது செஞ்சு குடுங்க."

தச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. மேலாளரை வாசல்வரை வழியனுப்பிவிட்டு வந்து, "காலையில அப்படி யார் மேலம்மா அவளுக்குக் கோவம்?" என்று மகளிடம் கேட்டார்.

மகள் புத்தகத்தை மூடினாள். "குரல் மட்டுந்தான்னாலும் நல்லதா உடுத்திக்கிட்டுத்தான் பேசுவேன்னு அம்மா துணி அலமாரியத் திறக்கப் போனாங்கப்பா. கதவைக் காணோம்."