கூடவே போ

"அத்தை, மாமாகிட்ட இன்னும் சொல்லலீங்களா? ரெண்டு டிக்கெட்டும் வந்துருச்சுங்க!"

சமையலறையிலிருந்து வந்த இந்தக் குரலைக் கேட்டு, கூடத்தில் உட்கார்ந்திருந்த மருதாசலத்துக்குக் காபி புரையேறியது.

பேசியவள் மாரித். ஹாலந்திலிருந்து ஒரு செமஸ்டர் பனியன் தொழில் படிக்கத் திருப்பூருக்கு வந்த பெண். அவர் வீட்டு மாடியில் தங்கி, அவர் கம்பெனியிலேயே பழகினாள். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குத் திரும்புகிறாள். திரும்புகிறவளுக்கு ஒரு டிக்கெட் போதாதா? இன்னொன்று யாருக்கு?

டிக்கெட்டைக்கூட விடுங்கள். அந்த 'அத்தை' எங்கிருந்து முளைத்தது? நேற்று வரைக்கும் ஆன்ட்டி, அங்கிள்தான். வயசுக்கு வந்த பையன் இருக்கிற வீட்டில் ஒரு பெண் திடீரென்று அத்தை, மாமா என்று கூப்பிட ஆரம்பித்தால் என்ன அர்த்தம் என்று கொங்கு நாட்டில் பிறந்தவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

எதிரே அவருடைய ஒரே மகன் அருள்செல்வன் செல்போனைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தான். மருதாசலத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பயல் ஹாலந்துக்குக் கிளம்பப் பார்க்கிறான்!

தை மாதம் நிச்சயம் என்று பொங்கலூரில் பெண் வீட்டுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. இவன் போய்விட்டால் அந்த மனிதர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? கம்பெனியை யார் பார்ப்பது?

வேறொருவராக இருந்தால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார். மருதாசலமா உட்காருவார்? பனியன் வாங்க வந்த எத்தனை வெளிநாட்டுக்காரர்களைப் பேசியே மடக்கியவர்! மனைவியைக் கூப்பிட்டார்.

"அனுசுயா, அந்தப் புள்ள எதுக்கு உன்னய அத்தைங்கறா?"

"ஆன்ட்டின்னா ஆரோ மாதிரி இருக்குதுங்க. நாந்தான் சொல்லிக்குடுத்தேன். அப்புறமுங்க, அவ காலேஜு விசயமா உங்ககிட்ட ஒண்ணு..."

"காலேஜு கெடக்குது போ, அப்பறம் பாக்கலாம்."

அனுசுயா சமையலறைக்குத் திரும்பினாள். கம்பெனியில் சாம்பிள் தைக்கும் செக்‌ஷன் முழுக்க அவள் பொறுப்பு. மாரித் ஊசி பிடித்துப் பழகியதே அவளிடம்தான். ஆனால் வீட்டில் அவள் ஆரம்பிக்கிற எந்தப் பேச்சும் இந்த 'அப்பறம்' வரைக்கும்தான் போகும்.

மருதாசலம் அன்றைக்கே மகனைக் கணியூருக்கு அனுப்பினார். "நம்ம தோப்புல தேங்கா போடறாங்க. பக்கத்துல நின்னு பாரு. ஞாயித்துக்கிழம பொழுதுசாய வந்தாப் போதும்."

"சரிங்கப்பா" என்று அவன் மறுபேச்சில்லாமல் கிளம்பினான். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

சாயங்காலம் செல்போனைத் திறந்தால் அருள்செல்வனின் ஸ்டேட்டஸில் படம். தென்னை மரத்தடியில் அவன் ஒரு பக்கம், மாரித் ஒரு பக்கம், ஆளுக்கொரு இளநீர், முகமெல்லாம் சிரிப்பு.

"அனுசுயா! இவ எப்படி அங்க போனா?"

"தோப்பப் பாக்கோணும்னு ஆசப்பட்டாளுங்க. கூட்டீட்டுப் போனேன்."

"நீயா?"

"படம் எடுத்ததே நானுங்க."

அட முருகா! பெற்றவளுக்கு ஒன்றும் தெரியவில்லை, வெள்ளந்தி. காதல் ஜோடிக்குத் துணை போயிருக்கிறாள். இனி இவளை வைத்தே காரியத்தைச் சாதிக்க வேண்டும் என்று மருதாசலம் முடிவு செய்தார்.

"இங்க பாரு. இன்னையிலிருந்து அந்தப் புள்ளய விட்டு நீ ஒரு நிமிசம் நகரக்கூடாது. அவ எங்க போனாலும் நீயும் போகோணும். புரியுதா?"

அனுசுயா அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "எங்க போனாலுமுங்களா?"

"எங்க போனாலுந்தான்!"

"சரிங்க" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை மருதாசலம் பார்த்து ரொம்ப நாளாயிற்று. முக்கியமான வேலை கொடுத்தால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் சாம்பிள் செக்‌ஷனுக்குள் நுழைந்தவர் திடுக்கிட்டார். மிஷினில் கம்பளி மாதிரி தடித்த ஜாக்கெட் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

"இது எந்த ஆர்டர்?"

"ஆர்டர் இல்லீங்க மொதலாளி, உங்க ஊட்டுக்குத்தான். அங்க குளுரு தாங்காதுன்னு அம்மா தைக்கச் சொன்னாங்க" என்றார் டெய்லர்.

பயல் பெற்ற தாயையே ஏமாற்றிக் குளிருக்குச் சட்டை தைத்துக்கொள்கிறானே! மருதாசலம் நேராக வீட்டுக்கு வந்து, பீரோவைக் குடைந்து அருள்செல்வனின் பாஸ்போர்ட்டை எடுத்து, ஆபீஸ் லாக்கரில் வைத்துப் பூட்டினார். பிறகு கணியூருக்குப் போன் போட்டார்.

"உன்ற பாஸ்போர்ட் எங்கிட்ட இருக்குதுடா!"

"இருக்கட்டுங்கப்பா. எனக்கெதுக்கு இப்ப?"

என்ன நடிப்பு! மருதாசலம் மீசையைத் தடவிக்கொண்டார்.

ஞாயிறன்று கோயமுத்தூர் விமான நிலையத்துக்கு அவரே கிளம்பினார். டிரைவர் கன்னையன் வண்டியை ஓட்ட, பின்சீட்டில் மாரித்தும் அனுசுயாவும். டிக்கியில் மூடி சாத்த முடியாத அளவுக்குப் பெட்டிகள்.

"இத்தன பெட்டியா கண்ணு?"

"ஆமாங்க மாமா" என்றாள் மாரித். "மாமா, நீங்க ரொம்ப நல்லவருங்க. எங்க காலேஜுல எல்லார்கிட்டயும் சொல்லுவேன்."

காதலித்தவனைப் பறிகொடுத்துவிட்டும் நம்மை நல்லவர் என்கிறாளே, பாவம், நல்ல புள்ளதான் என்று மருதாசலத்துக்கே மனசு இளகியது. பெட்டிகளை அவரே தள்ளுவண்டியில் ஏற்றினார். ஆனாலும் பயல் குறுக்கு வழியாக வந்து உள்ளே காத்திருந்தால்? வாசலில் நின்று மனைவியிடம் கடைசியாகக் கண்டிப்பாகச் சொன்னார்.

"நீயும் உள்ள போ. அவ ஏறுற வரைக்கும் கூடவே இரு."

அனுசுயா தயங்கினாள். "ஏனுங்க, நெசமாத்தான் சொல்றீங்களா? அன்னைக்கே ஒண்ணு சொல்ல வந்தேன். நீங்க காதுலயே..."

"அதெல்லாம் அப்பறம்! கூடவே போன்னா போ!"

அனுசுயாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்க்காமல் குனிந்து அவர் காலைத் தொட்டாள். "இத்தன வருசத்துல எனக்கொண்ணுன்னு நீங்க சொன்னது இதுதானுங்க. சோத்துக்கு அருளுகிட்டச் சொல்லியிருக்கறேன். போயிட்டு வர்றேனுங்க."

ஒரு மணி நேரக் காவலுக்கு இவ்வளவு உருக்கமா என்று மருதாசலத்துக்குச் சிரிப்பு வந்தது. வாசல் காவலர் அவளைத் தடுக்கவேயில்லை. கையில் எதையோ வாங்கிப் பார்த்து, சிரித்து, உள்ளே விட்டுவிட்டார். நம்ம வீட்டுக்காரி முகத்துக்கு ஒரு மரியாதை இருக்கத்தான் செய்கிறது என்று பெருமையாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் விமானம் தலைக்கு மேலே எழும்பிப் போனது. மருதாசலம் அண்ணாந்து கும்பிட்டார். பையன் பிழைத்தான், பொங்கலூர் வாக்கும் பிழைத்தது. இனி அனுசுயா வந்ததும் கிளம்ப வேண்டியதுதான்.

வெகுநேரமாகியும் அவள் வரவில்லை. கன்னையன் மெதுவாகப் பக்கத்தில் வந்து நின்றான்.

"ஏனுங்க மொதலாளி, இன்னும் ஆருக்கு நிக்கறீங்க? பாப்பாவுக்குத்தானுங்க செமஸ்டர் முடிஞ்சுது. அவங்க காலேஜுல தையல் சொல்லிக்குடுக்கப் போற நம்மம்மாவுக்கு இனிமேல்தானுங்க ஆரம்பம்."